மெதுவாகச் சென்றால் தவறும் கடிகாரம்: புதுச்சேரிச் சாலைகளில் ராலி செயலிகள்

பொதுச் சாலையில் நடத்தப்படும் டி.எஸ்.டி. ராலியில் முந்தி வந்து சேர்பவருக்கும் தண்டனைப் புள்ளி உண்டு. பல விதிமுறைகளில் அது பிந்தி வருபவருக்கு விதிக்கப்படுவதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். நேரம், வேகம், தொலைவு ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளால் வழங்கப்படும் இப்போட்டியில், ஓட்டுநரும் அவர் அருகில் அமர்ந்து வழி சொல்லும் நேவிகேட்டரும் அமைப்பாளர் தரும் ரோடு புக்கைப் பின்பற்றிச் செல்வர். சாலையின் ஒவ்வொரு பகுதிக்கும் குறிக்கப்பட்ட சராசரி வேகத்தைக் காத்து, எங்கே இருக்கின்றன என்று முன்கூட்டித் தெரியாத சோதனைப் புள்ளிகளைச் சரியான நொடியில் கடப்பதே அவர்களது வேலை. திருப்பங்களை அம்புக்குறியும் கோடுமாகச் சுருக்கிக் காட்டும் ரோடு புக் படங்கள், நெதர்லாந்தின் துலிப் ராலியிலிருந்து பரவியதால் இன்றும் துலிப் படங்கள் என்றே அழைக்கப்படுகின்றன. இந்தியாவில் மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. இவ்வகை ராலிக்கெனத் தனியே தேசியச் சாம்பியன்ஷிப்பை வைத்திருக்கிறது. பார்வையற்றோர் பிரெயில் எழுத்தில் அமைந்த வழிக்குறிப்பை விரலால் படித்து, கார் ஓட்டுபவருக்கு வழிகாட்டும் ராலிகளும் சென்னை உள்ளிட்ட நகரங்களில் நடந்துள்ளன. வேகத்தைவிடக் கணக்கும் கவனமும் பெரிதாக மதிக்கப்படும் விளையாட்டு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இவ்விளையாட்டின் பெருஞ்செலவு எப்போதும் ஆட்செலவாகவே இருந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு சோதனைப் புள்ளியிலும் மார்ஷல்கள், அதாவது நேரம் குறிக்கும் தன்னார்வலர்கள், ஒத்திசைத்த கடிகாரத்துடனும் நேர அட்டையுடனும் சாலையோர மரத்தடியில் அரைநாள் காத்திருக்க வேண்டும். பத்துப் புள்ளிகள் வேண்டுமென்றால் இருபது பேரைத் திரட்ட வேண்டும். ஜி.பி.எஸ். அடிப்படையிலான நேரக்கணிப்புச் செயலிகள் இந்தச் சுமையை முற்றாக நீக்குகின்றன. அமைப்பாளர் வழித்தடத்தை ஒருமுறை ஓட்டிச் சென்று, வேண்டிய இடங்களில் திரையைத் தொட்டு அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் பதிவுசெய்தால் போதும். போட்டியாளரின் கைப்பேசி அந்த இடத்தைக் கடக்கும் கணத்தைத் தானே குறித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. கழகத்தின் சாலை ராலிகளில் பயன்படும் ரிக்டா இவ்வகையில் பெயர்பெற்றது; வேறு பலவும் இதே அடிப்படையில் இயங்குவன. ஆகவே இங்குக் கூறப்படுவது எந்த ஒரு நிறுவனத்தின் படைப்பையும் பற்றியதன்று. புதுச்சேரியைச் சுற்றிய சாலைகளில் சில வாரங்கள் ஓட்டிப் பார்த்ததில் இவ்வகைக் கருவி முழுவதற்கும் பொதுவாகத் தென்பட்ட ஒரு குணத்தைப் பற்றியது.

அந்தக் குணத்தைப் புரிந்துகொள்ளச் சிறு கணக்கு ஒன்று வேண்டும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழை 2000 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் பொதுமக்களின் கருவிகள் நூறு மீட்டர் வரை தவறக்கூடியவையாக இருந்ததால், இத்தகைய செயலியைக் கற்பனை செய்வதும் வீணாக இருந்திருக்கும். இன்று திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரணக் கைப்பேசி ஏறத்தாழ ஐந்து மீட்டருக்குள் தன் இடத்தைச் சொல்லிவிடுகிறது. ஆனால் ராலியில் அளக்கப்படுவது இடம் அன்று, நேரம். இடப்பிழை நேரப்பிழையாக மாறும்போது அதை வகுக்கும் எண் வாகனத்தின் வேகமாகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 15 மீட்டர் வீதம் செல்லும் காருக்கு, ஐந்து மீட்டர் பிழை என்பது மூன்றில் ஒரு நொடி மட்டுமே. மணிக்கு 36 கிலோமீட்டரில் அது அரை நொடி. மணிக்கு 18 கிலோமீட்டரில் ஒரு முழு நொடி. வேகம் குறையக் குறையக் கருவி நம்பகம் இழக்கிறது. வேகமாகப் போகும்போதுதான் அளவிடுவது கடினம் என்னும் பொது எண்ணத்திற்கு இது முற்றிலும் மாறானது. பல அமைப்பாளர்கள் கவனிக்கத் தவறுவதும் இதையே.

புதுச்சேரி நகரம் இந்தக் குறையை உருப்பெருக்கிக் காட்டுவதற்கென்றே கட்டப்பட்டது போலிருக்கிறது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, நேர்கோட்டுச் சட்டமாக வகுக்கப்பட்ட வீதிகளில், மணிக்கு 18 கிலோமீட்டர் என்பதே துணிச்சலான வேகம்; வாடகை மிதிவண்டிகளும், நடுவீதியில் நின்று மஞ்சள் சுவர்களைப் படம்பிடிக்கும் சுற்றுலாப் பயணிகளும் அதையும் அனுமதிப்பதில்லை. அவ்வீதிகளில் திறந்த வானமும் குறைவு. இருபுறமும் உயர்ந்த மதிற்சுவர்களும் மாடி வீடுகளும் நிற்க, மேலே மரக்கிளைகள் கவிந்திருப்பதால், செயற்கைக்கோளிலிருந்து நேராக வரவேண்டிய சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி, சற்றே நீண்ட வழியில் கைப்பேசியை அடைகிறது. பல்வழிப் பிழை எனப்படும் இந்நிகழ்வால் கைப்பேசி தன்னை அடுத்த வீட்டுக்குள் இருப்பதாகக் கருதிக்கொள்கிறது. பிழை பதினைந்து மீட்டராக உயர்ந்தால், நொடிக்கு ஐந்து மீட்டர் நகரும் காருக்கு அது மூன்று நொடி. வெற்றியும் தோல்வியும் ஓரிரு நொடியில் தீர்மானிக்கப்படும் ஆட்டத்தில் மூன்று நொடியைச் சுவர்களிடம் ஒப்படைப்பது விளையாட்டாகாது. சீட்டுக் குலுக்கல் ஆகும்.

இதனுடன் இன்னொரு வடிவமைப்புக் குறையும் சேர்கிறது. எளிய செயலிகள் சோதனைப் புள்ளியை ஒரு வட்டமாக வரையறுக்கின்றன. குறிப்பிட்ட மையத்திலிருந்து இத்தனை மீட்டருக்குள் வந்துவிட்டால் கடந்ததாகக் கொள்கின்றன. ரோமன் ரோலண்ட் வீதியும் துமா வீதியும் போல இணையாக ஓடும் வீதிகளில், தாராளமாக வரையப்பட்ட வட்டம் பக்கத்து வீதியையும் தொட்டுவிட, இன்னும் இரண்டு திருப்பங்கள் கடந்து வரவேண்டிய கார் அப்புள்ளியைக் கடந்துவிட்டதாகப் பதிவாகிறது. முந்தி வந்த குற்றத்திற்கான தண்டனை உடனே விழுகிறது. நேவிகேட்டருக்குக் காரணம் புரிவதற்குள் அடுத்த திருப்பமும் தவறிவிடுகிறது. வட்டத்திற்குப் பதிலாகச் சாலைக்குக் குறுக்கே கோடு வரையவும், எத்திசையிலிருந்து வந்தால் மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று குறிக்கவும் இடம் தரும் செயலிகளே இந்நகருக்குப் பொருந்துவன. திசை வடிகட்டி எனப்படும் இவ்வசதி இல்லாத செயலியை, மற்ற எல்லாச் சிறப்புகளும் இருந்தாலும், வாய்க்காலுக்குக் கிழக்கே கொண்டுவருவதில் பொருளில்லை.

நகரின் நீள்வட்டச் சுற்றுச்சாலைகளைத் தாண்டிய பிறகு அதே செயலி வேறொரு பொருளாக மாறிவிடுகிறது. ஊசுடு ஏரியை ஒட்டிய சாலையிலும், புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரின் வயல்வெளிகளிலும் வானம் அடிவானம் வரை திறந்து கிடப்பதால், அடுத்தடுத்து இரு கைப்பேசிகளை வைத்து ஓட்டினாலும் இரண்டும் ஒரே நொடியையே சொல்கின்றன. இணையச் சமிக்ஞை அறுந்துபோகும் இடங்களிலும் பதிவு நிற்பதில்லை. நேரமும் இடமும் செயற்கைக்கோளிலிருந்தே கிடைப்பதால், கடந்த கணத்தைக் கைப்பேசி தன்னுள் சேமித்து வைத்து, இணைப்பு திரும்பியதும் அனுப்பிவிடுகிறது. மார்ஷல்களின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று முரண்பட்ட காலத்தை அறிந்தவர்களுக்கு இது சாதாரண வசதி அன்று. எல்லாக் கார்களும் ஒரே கடிகாரத்தால் அளக்கப்படுகின்றன என்னும் நிறைவு, மதிய உணவு மேசையில் வழக்கமாக எழும் சச்சரவுகளில் பாதியைத் தீர்த்துவிடுகிறது.

தொலைவுக் கணக்கிலும் செயலி தன் பங்கைச் செய்கிறது. அமைப்பாளர் காரின் ஓடோமீட்டரும் போட்டியாளரின் கைப்பேசியும் ஒரே சாலையை ஒரே அளவாகக் காட்டுவதில்லை; டயரின் காற்றழுத்தமும் தேய்மானமும் முன்னதைப் பாதிக்க, கைப்பேசியோ வளைவுகளை வெட்டிக் குறுக்கிவிடுகிறது. ஒரு விழுக்காடு வேறுபாடு அறுபது கிலோமீட்டரில் 600 மீட்டராகத் திரண்டு, மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முழு நிமிடத்தை விழுங்கிவிடும். இதனால்தான் ராலியின் முதற்பகுதி தண்டனையற்ற அளவுத்திருத்தப் பகுதியாக ஒதுக்கப்படுகிறது. ரோடு புக் 10.00 என்னும் இடத்தில் திரை 9.93 காட்டினால், 1.007 என்னும் திருத்த எண்ணை நேவிகேட்டர் உள்ளிட வேண்டும். காகிதத்தில் வகுத்துப் பெருக்கிய வேலையைச் செயலி ஒரே தொடுகையில் முடித்துத் தருகிறது. இதைக் குறைகூற எதுவுமில்லை.

குறைகூற வேண்டியது செயலியின் ஊமைத்தனத்தை. விழுப்புரத்திற்கு 1879 இல் போடப்பட்ட ரயில் பாதை இன்றும் இப்பகுதியின் சாலைகளை வெட்டிச் செல்கிறது. கேட் மூடியிருந்தால் எந்தச் சராசரி வேகமும் நிற்காது. அறுவடைக் காலத்தில் சாலையில் பாதி நெல் காயும். கரும்பு டிராக்டர் மீதிப் பாதியை எடுத்துக்கொள்ளும். கோயில் தேர் வந்தால் முழுச் சாலையும் போயிற்று. மரத்தடியில் அமர்ந்திருந்த மார்ஷல் இவற்றைத் தன் கண்ணால் கண்டு அட்டையின் ஓரத்தில் எழுதி வைப்பார். செயலிக்குத் தெரிவது கார் பிந்தியது என்பது மட்டும்; ஏன் என்பது தெரியாது. அமெரிக்கச் சாலை ராலிகளில், தடைபட்ட குழுவினர் அடுத்த புள்ளியை அடையும் முன்பே தமக்கு வேண்டிய கால அளவை அறிவித்து, அவ்வளவு நேரம் தள்ளி ஓடும் நேரச்சலுகை முறை உண்டு. தாமதத்தை ஈடுகட்ட வேண்டும் என்று ஊர்ச்சாலையில் விரைவதைத் தடுப்பதே அதன் நோக்கம் என்பதால், இந்த வசதி இல்லாத செயலியைப் பாதுகாப்பற்றது என்றே வகைப்படுத்த வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. பொது இடத்தில் அரசின் ஒப்புதலின்றிப் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189 ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. டி.எஸ்.டி. ராலி பந்தயம் அன்று என்று வாதிடலாமேயன்றி, ரயில் கேட்டில் இழந்த நான்கு நிமிடத்தைப் பிடிக்க விரையும் காரை அவ்வாதம் காப்பாற்றாது. புதுச்சேரியில் காவல்துறையும் ஒன்றல்ல. பிரெஞ்சு ஆட்சியின் எல்லைக்கோடுகள் 1954 நவம்பர் 1 ஆம் நாளுக்குப் பிறகும் அப்படியே நிலைத்துவிட்டதால், விழுப்புரம் சாலையில் வில்லியனூரைக் கடந்ததும் கண்டமங்கலத்தில் தமிழ்நாடு, பின்னர் மதகடிப்பட்டில் மீண்டும் புதுச்சேரி, அதன்பின் வளவனூரில் மீண்டும் தமிழ்நாடு என ஒரே சாலை மாறி மாறிக் கைமாறுகிறது. வடக்கே கோட்டக்குப்பமும் காலாப்பட்டும் அவ்வாறே. அமைப்பாளர் இரு அரசுகளின் வாசலையும் தட்ட வேண்டும். செயலியின் வரைபடத்தில் இவ்வெல்லைகளைக் காட்டும் வசதி இருந்தால் பேருதவியாக இருக்கும். அதற்குப் பதிலாக, பின்தங்கினால் சிவப்பிலும் முந்தினால் பச்சையிலும் மின்னும் பெரிய எண்கள்தாம் திரை முழுவதும் கொடுக்கப்பட்டுள்ளன. முந்துவதும் தவறாக இருக்கும் ஒரு போட்டியில் முந்தியதைப் பச்சையில் காட்டுவது எவ்வகை நியாயம் என்பதை அதை வடிவமைத்தவர்களே விளக்க வேண்டும். இந்த எண்கள் நேவிகேட்டரின் கண்ணுக்கு மட்டும் உரியவை. டேஷ்போர்டின் நடுவில் கைப்பேசியைப் பொருத்தினால் ஓட்டுநர் சாலையைப் பார்ப்பதை விட்டு எண்ணைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். சித்திரை வெயிலில் கண்ணாடியை ஒட்டி வைத்த கைப்பேசி சூடேறித் திரையை மங்கச் செய்வதும், மின்கலச் சேமிப்பு என்ற பெயரில் கைப்பேசியே செயலியை இடையில் உறங்கவைப்பதும் தனிக் கொடுமைகள்; இரண்டாவதைப் புறப்படுமுன் அமைப்புகளில் மாற்றிவிட முடியும், முதலாவதற்குக் குளிர்காற்றுத் துளையின் முன் பொருத்துவதே வழி.

நகருக்குள் என்ன செய்வது என்னும் கேள்வி மட்டும் எஞ்சுகிறது. கடற்கரைச் சாலை மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வாகனங்களுக்கு மூடப்படுவதும், ராலிக்கு உகந்த ஞாயிற்றுக்கிழமையில் மகாத்மா காந்தி சாலையைச் சந்தை நிறைத்துவிடுவதும் ஏற்கெனவே வழித்தடத்தைக் கட்டுப்படுத்துவதால், நகரப் பகுதியை நேரம் கணக்கிடப்படாத இணைப்புப் பகுதியாக அறிவித்து, முதற்புள்ளியை வில்லியனூருக்கு அப்பாலோ அரியாங்குப்பத்திற்குத் தெற்கிலோ வைப்பதே அறிவுடைய ஏற்பாடு. பழைய வீதிகளின் அழகுக்காக அங்கும் ஒரு புள்ளி வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் அதற்கு மட்டும் ஒரு மார்ஷலையும் ஸ்டாப்வாட்சையும் நிறுத்தலாம்; இல்லையேல் ஐந்து நொடிக்கு உட்பட்ட வேறுபாட்டுக்குத் தண்டனை இல்லை என்று விதி எழுதலாம். ஆனால் சோதிக்கப்பட்ட செயலிகளில் இந்த விலக்கை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே அமைக்க வழியில்லை. கொடுத்தால் எல்லாப் புள்ளிக்கும், இல்லையேல் எதற்கும் இல்லை. ஏரிக்கரையில் அரை நொடிக்கு உண்மையாக நடந்துகொள்ளும் கருவிக்கு ஐந்து நொடி விலக்குத் தருவதும் தவறு, மரநிழல் வீதியில் மூன்று நொடி பிறழும் அதே கருவிக்கு எதுவுமே தராதிருப்பதும் தவறு என்பதால், அடுத்த பதிப்பில் வண்ணங்களையும் ஒலிகளையும் கூட்டுவதற்கு முன் புள்ளிதோறும் தனி விலக்கைக் குறிக்கும் இந்த ஒரு பெட்டியைச் சேர்த்தால் போதும்.