தந்தை இல்லாத வீடு

கட்சிச் சார்புடைய நூல்கள் இளைஞரை ஈர்ப்பதேன் என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் கொள்கைவழி நின்றே விடை கூறப்படுகின்றது. அவை சமூகத்தை விளக்குகின்றன, வழியைக் காட்டுகின்றன என்பர். அது உண்மையே. ஆயின், அந்நூல்கள் வாசகனுக்கு அவனது வீட்டையும் ஒழுங்குபடுத்திக் கொடுக்கின்றன என்பது அத்துணை கவனிக்கப்படுவதில்லை. மாக்சிம் கோர்க்கியின் ‘தாய்’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1902இல் சோர்மோவோவில் நிகழ்ந்த மேதின ஊர்வலத்தையும், அதிற் பங்குகொண்ட பியோத்தர் சலோமொவ் என்னும் தொழிலாளியையும், அவருடைய தாயையும் அடியொற்றி 1906இல் எழுதப்பெற்ற நாவல் இது. காலத்துக்கேற்ற நூலென 1907இல் லெனின் கோர்க்கியிடமே அதனைப் பாராட்டினார். தொ. மு. சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பு வாயிலாகத் தமிழ் வாசகரிடையே அது பெற்ற செல்வாக்கை இங்கு விரிக்க வேண்டியதில்லை. பதினெட்டு வயதில் நானும் அதனை ஒரே மூச்சிற் படித்து, எனது அரசியலோடு ஒருபோதும் உடன்படாத தந்தையாரிடம் கொடுத்தேன். இரு வாரங்களின் பின் திருப்பித் தந்தவர், “தகப்பனைத் துவக்கத்திலையே சாக்காட்டிப்போட்டான். பிறகு மகன் ஆரோடை வாதாடுறது?” என்றார். பிற்போக்காளரின் கிண்டலென்று அன்று அதனைத் தள்ளிவிட்டேன். அது திறனாய்வு என்பதை உணரப் பல்லாண்டுகள் சென்றன.

மிகயீல் விளாசோவ் குடியன், மனைவியை அடிப்பவன், கருத்தென்று எதுவுமற்றவன். அவன் இறந்த பின்பே மகன் பாவெலின் கைக்குப் புத்தகங்கள் வருகின்றன. அவை தடைசெய்யப்பட்டவை என்றறிந்ததும் தாய் நீலவ்னா அழுகின்றாளேயன்றி வாதிடுவதில்லை. மாற்றுக் கருத்தைத் தெளிந்து கூறவல்ல ஒருவர் குடும்பத்தவராக அவ்வீட்டில் இல்லவேயில்லை.

துர்க்கனேவின் ‘தந்தையரும் தனயரும்’ (1862) இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பல்கலைக்கழகத்திலிருந்து மீண்ட ஆர்க்காடி, தந்தையின் கையிலிருந்த புஷ்கினை மெல்ல எடுத்துவிட்டு, நண்பன் பசாரோவ் விதந்துரைத்த பூஹ்னரின் பொருள்முதல்வாத நூலை வைக்கின்றான். குழந்தையிடமிருந்து பொருளொன்றை வாங்குவது போன்ற அந்தப் புன்னகை! நம்மிற் பலர் வீட்டில் அவ்வாறு புன்னகைத்தவர்களே. தந்தை சினப்பதில்லை; படிக்க முயல்கின்றார்; ஒன்றில் தாம் மூடர், அன்றேல் நூல் பிதற்றல் எனத் தமையனிடம் கூறுகின்றார். துர்க்கனேவ் தீர்ப்பு வழங்குவதில்லை. முற்போக்காளர், பழைமைவாதிகள் ஆகிய இரு தரப்பிலிருந்தும் அவர்மீது கண்டனம் எழுந்தமை அதனாற்போலும்.

கோர்க்கியைக் குறைத்து மதிப்பிடுவது எனது நோக்கமன்று. நீலவ்னாவை மாற்றுவன நூல்களல்ல. வீட்டுக்கு வரும் தோழரின் பரிவு, சிறப்பாக அந்திரேயின் அன்பு. அவள் எழுத்தறியவும் அவனே உதவுகின்றான். தன் கடவுளை மட்டும் விட்டுவிடுமாறு அவள் கேட்குமிடத்தில் அவ்வீட்டின் ஒரேயொரு மறுப்புக் குரல் எழுகின்றது. ஆசிரியர் அதனை ஏளனஞ் செய்யவில்லை. அத்தகைய இடங்களிலேதான் அது துண்டுப்பிரசுரத்தைக் கடந்து நாவலாகின்றது.

இதனைத் தந்தையாரோடு பேசியிருக்கலாம். பேசவில்லை. அவர் காலமாகும்வரை வேறெந்த நூலையும் நான் அவரிடம் கொடுக்கவில்லை. அவர் என்ன வாசிக்கின்றார் என்று கேட்டதுமில்லை.