கருவிலே பட்ட காயம்

குடியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை அநேகம். ஆயினும், குடியினால் தாக்குண்ணும் உயிர்களுள் மிகவும் நிராதரவான ஒன்றைப் பற்றி நமது இலக்கியம் பெரிதும் வாய் திறந்ததில்லை. தாயின் வயிற்றிலிருக்கும் சிசுவே அது.

சங்கப் பாடலிலே அதியமானோடு கள்ளுண்டு மகிழ்ந்த ஔவையைக் காண்கிறோம். குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்திலோ, மகனின் வெறியைக் கண்டு வருந்துபவளாகவே தாய் தோன்றுகிறாள். நமது சிறுகதைகள் பலவும் அவ்வழியையே பின்பற்றின: குடிப்பவன் கணவன், அழுபவள் மனைவி, பட்டினி கிடப்பது பிள்ளை. பெண்ணும் குடிக்கக்கூடும் என்பதை ஏற்க மறுத்த மரபு, அவள் வயிற்றுப் பிள்ளைக்கு நேர்வதைக் காணாததில் வியப்பில்லை.

பாரிஸ் தொழிலாளரின் வாழ்வைச் சித்திரித்த எமில் ஸோலா, 1877இல் நூலாக வெளிவந்த 'லஸொமுவார்' நாவலிலே, ஜெர்வேஸ் என்னும் சலவைத் தொழிலாளி குடியால் அழிவதைக் காட்டினார். வறுமையை மூடி மறைக்காத துணிவு அவரது பெருமை. எனினும், குடியின் கேடு பரம்பரை இரத்தத்தில் ஓடுவதாகக் கருதியது அவரது குறை. 1968இல் பிரான்ஸின் நாந்த் நகர வைத்தியர் போல் லெமுவான், குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் 127 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே ஜோன்ஸ், ஸ்மித் இருவரும் இந்நோய்க்குப் பெயரிட்டனர். தாய் அருந்தும் மது சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவின் மூளையைத் தாக்குகிறது. காரணம் குலமன்று, நஞ்சு.

இப்பிள்ளைகளுட் பெரும்பாலோரின் முகத்திலே அடையாளம் எதுவும் தெரியாது. நேற்றுக் கற்றதை இன்று மறப்பர். செயலுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை எளிதில் உணரார். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நெருக்கமான ஒரு வகுப்பிலே இத்தகைய பிள்ளைக்கு ஆசிரியராகிய நாம் என்ன பெயரிடுவோம்? மக்கு, சோம்பேறி, பொய்யன்! பிரம்பு அங்கே காயத்தின் மீது விழும் இன்னோர் அடியேயாகும்.

இத்தகையோர் பாடசாலையை இழந்து நீதிமன்றம் வரை செல்ல நேர்வதை, சியாட்டில் உளவியலாளர் ஆன் ஸ்ட்ரைஸ்கத் 1996இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. இளமையிலேயே நோயை அறிதலும் நிலையான இல்லமும் அவர்களைக் காக்கும் என்பதையும் அதே ஆய்வு உணர்த்திற்று. ஆகவே பயிற்சி இன்றியமையாதது. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, மாறாத அன்றாட ஒழுங்கு, சலியாது திரும்பக் கூறல் என்பவற்றை ஆசிரியர் பயில வேண்டும். கடிந்துகொள்ளாமல் கேட்க மருத்துவமாது பழக வேண்டும். பிறர் சொல்லுக்கு எளிதில் தலையாட்டும் பிள்ளையின் ஒப்புதலை நம்பித் தீர்க்கலாகாது என்பதை நன்னடத்தை உத்தியோகத்தர் அறிய வேண்டும்.

நமது பெண்களிற் குடிப்போர் மிகச் சிலரே எனச் சிலர் கூறலாம். மெய்தான். சிலரின் பிள்ளைகள் என்பதற்காக அவர்களைக் கைவிடுதல் நீதியாகுமா? பெண்ணுக்கு மது விற்பதை 1979இல் நமது நாடு தடைசெய்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கினார். சில நாள்களுள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதனை மீட்டார். வாதம் முழுவதும் பெண்ணின் ஒழுக்கத்தைச் சுற்றியே சுழன்றது. வெட்கத்தை விதைக்கும் சட்டம் உண்மையை மறைக்கவே கற்பிக்கும்.

தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் திராட்சைத் தோட்டங்களிலே கூலியின் ஒரு பகுதியை முதலாளிகள் மதுவாகவே கொடுத்தனர். அதனை 'தொப்' முறை என்பர். இந்நோய் உலகில் மிக அதிகமாகக் காணப்படும் இடங்களுள் அப்பகுதியும் ஒன்று. அங்கே குற்றவாளி தாயா, கூலிமுறையா?

தாயைத் தூற்றாது, பிள்ளையை மறவாது, காரணத்தை மறைக்காது எழுதுவதே முற்போக்கு இலக்கியம். அக்கதை இனித்தான் எழுதப்பட வேண்டும்.