கேபினுக்குள் ஒரு கல்யாண மண்டபம்

ராத்திரி பத்து மணிக்கு மேல் நாமக்கல் - சேலம் சாலையில், ஏதாவது ஒரு டீக்கடை ஓரமாக நின்று வேடிக்கை பாருங்கள். லாரிகள் வரிசையாக வரும். என்ன லோடு என்று தெரியாது. நம்பர் பிளேட்டும் தெரியாது. கேபின் மட்டும் பளிச்சென்று தெரியும். கூரை ஓரத்தில் நீலம், டாஷ்போர்டில் ஊதா, சாமி படத்தைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடும் பச்சையும் சிவப்பும், நடுவில் கண்ணைப் பறிக்கும் ஒரு வெள்ளை. சின்னதாக ஒரு கல்யாண மண்டபம் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற மாதிரி இருக்கும்.

எல்லாம் எல்.இ.டி. மகிமை!

லாரிக்குள் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடுவது நல்ல காரியமா என்று கேட்டால், சந்தேகமே வேண்டாம், நல்ல காரியம்தான். பழைய பல்புக்குள் இருப்பது ஒரு மெல்லிய கம்பி. லாரி குலுங்குகிற குலுக்கலில் அது எத்தனை நாள் தாங்கும்? எல்.இ.டி-யில் அறுந்துபோகக் கம்பியே இல்லை. சூடும் குறைவு. ஆக, பல்பு பாஸ். நம் ஆட்கள் அதை மாற்றுகிற விதம்தான் ஃபெயில். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கணக்கு. (பி.காம். படித்தவனுக்கு வேறென்ன வரும்?) “இதப் போடுங்ணா, டீசலே மிச்சமாகும்ங்க” என்று சொல்லி விற்கிறார்கள். 10 வாட் பல்பு மூன்று என்று வையுங்கள். 30 வாட். 200 குதிரைசக்தி இன்ஜினின் முழுத் திறன் சுமார் ஒன்றரை லட்சம் வாட். ஐயாயிரத்தில் ஒரு பங்கு! இதில் டீசல் மிச்சம் பிடிப்பது, கல்யாணச் செலவைக் குறைக்க வெற்றிலையில் சுண்ணாம்பைக் குறைப்பது மாதிரி.

உண்மையான லாபம் வண்டி நிற்கும்போதுதான். லோடு இறக்க ராத்திரி முழுக்கக் காத்திருக்கிறார்கள். மூன்று பல்பும் எட்டு மணி நேரம் எரிந்தால், 24 வோல்ட் வண்டியில் 10 ஆம்பியர்-அவர் பேட்டரியிலிருந்து போய்விடும். அதே வெளிச்சத்துக்கு எல்.இ.டி. என்றால் இரண்டுகூட ஆகாது. காலையில் தள்ளு ஸ்டார்ட் தொல்லை இல்லை. சரி, பேஷ்! ஆனால் அதோடு நிறுத்துகிறார்களா? பக்கத்திலேயே ஐந்து மீட்டர் சீரியல் பட்டையையும் ஒட்டிவிடுகிறார்கள். ரகத்தைப் பொறுத்து அது 24 வாட்டிலிருந்து 72 வாட் வரை இழுக்கும். மிச்சம் 25, செலவு 72. எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

அடுத்தது ஒயரிங். பெரிய லாரிகளில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்துத்தான் 24 வோல்ட். கார் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் பட்டை மலிவாக இருக்கிறதே என்று, ஒரே ஒரு பேட்டரியிலிருந்து லைன் இழுத்துவிடுவார்கள். விளைவு? ஒரு மாடு மட்டும் இழுக்கிற வண்டி. அந்த பேட்டரி காய்ந்துகொண்டே போகும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டுமே சீக்கிரம் படுத்துக்கொள்ளும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போதும், இந்த வம்பே இல்லை. இன்னொன்று, இன்ஜின் ஓடும்போது வோல்டேஜ் 28 பக்கம் போகும். அதைத் தாங்காத மலிவு பல்பு எல்.இ.டி-யானாலும் கருகத்தான் செய்யும். ஃபியூஸ் இல்லாமல் இழுத்த ஒயர், கேபின் தகரத்தில் உரசி உரசித் தோல் உரிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம்.

இதெல்லாம் பணக் கணக்கு. மூன்றாவது, உயிர்க் கணக்கு.

நீங்கள் சினிமா தியேட்டருக்குள் லேட்டாக நுழைந்திருக்கிறீர்களா? முதலில் சீட்டே தெரியாது. போகப்போகத்தான் பக்கத்து வரிசைத் தலைகள் தெரியும். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒரு பளிச் வெளிச்சம் போதும், அத்தனையும் சில நொடியில் போச்சு. மறுபடி முதலிலிருந்து! போதாததற்கு, உள்ளே எரியும் விளக்கு முன் கண்ணாடியில் பிரதிபலித்து, ரோட்டின் மேல் ஒரு திரையாக விழுகிறது. விளக்கில்லாத மாட்டு வண்டியும், சாலையோரம் நடக்கிற மனிதரும் அந்தத் திரைக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள்.

அதிலும் நீலம் ரொம்ப மோசம். வெள்ளை எல்.இ.டி. என்று நாம் வாங்குவதில் பெரும்பாலானவை அடிப்படையில் நீலம்தான், மேலே மஞ்சள் பூச்சு. அந்த நீல எல்.இ.டி-யைச் சாத்தியமாக்கியதற்குத்தான் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல். அபாரமான சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் நம் கண்செல்கள் நீலத்துக்குச் சட்டென்று கூசும், சிவப்பை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. நீர்மூழ்கிக் கப்பல்களில் இரவில் சிவப்பு விளக்கு வைத்தது இதனால்தான். அது மட்டுமல்ல, தூங்கப் போகும் நேரத்தில் நீல வெளிச்சம் தூக்கத்தையும் தள்ளிப்போடும். சீட்டுக்குப் பின்னால் கால் மடக்கிப் படுக்கிற மனிதருக்கு இது தேவையா?

யோசித்துப் பார்த்தால், இந்த விளக்குகளெல்லாம் வெளியிலிருந்து பார்க்கிற நமக்காக. உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்காக எதுவுமில்லை. இரவெல்லாம் விழிக்கும் தொழிலில் வண்டியைத் தன் ரசனைக்கு அலங்கரிக்கிறார், அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய சௌகரியம் என்று யார் யோசித்தார்கள்? பெரிய லாரி கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்பதே 2025 அக்டோபர் முதல் தயாராகும் வண்டிகளுக்குத்தான்!

ஓனர்களே, பாடி கட்டுகிறவர்களே, விளக்கு மூன்று போதும். பில் படிக்க, மறைப்பு வைத்து மடியில் மட்டும் விழும் ஒரு மஞ்சள் விளக்கு. கதவைத் திறந்தால் படிக்கட்டில் எரிய ஒன்று. படுக்கைக்குத் தனி ஸ்விட்சோடு ஒன்று. சாமி படத்துக்கு சீரியல் வேண்டுமா, தாராளமாகப் போடுங்கள். வண்டி நகர்ந்ததும் அணைகிற மாதிரி ஒயரிங் செய்துவிடுங்கள்.

சாமிக்கு இருட்டிலும் கண் தெரியும். டிரைவருக்குத்தான் தெரியாது.