புஷ்ராடை உருட்டும் விரல்கள்

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டை சைலன்சர் சத்தத்துக்காக மட்டும் கொண்டாடுகிறவர்களோடு எனக்கு வெகுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த டப் டப் தெருமுனையில் நிற்கிறவருக்கும் கேட்கும். ரசிகன் காதுகொடுக்க வேண்டியது வலது பக்கம், சிலிண்டருக்குக் கீழே, ஒற்றை நட்டில் நிற்கும் அந்தச் சின்ன மூடிக்குத்தான். டேப்பட் ஒழுங்காக வைத்த 350-இல் அங்கிருந்து மெல்லிசாக ஒரு டிக் டிக் வரும். அது பழகிவிட்டால் காது வேறு எங்கும் போகாது.

டேப்பட் வைப்பதற்கென்றே படைத்த கை என்று நான் சொல்வது புதுப்பேட்டையில் ஒரு பாயுடைய கையை. வண்டியை நிறுத்தியதும் ஸ்பானரை எடுக்கமாட்டார். ஃபின்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். "சூடா இருக்கு தம்பி, விட்டுட்டுப் போங்க. காலைல பாத்துக்கலாம்." எவ்வளவு கெஞ்சினாலும் மசியமாட்டார்.

மறுநாள் காலை பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையாலேயே அமுக்கி, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவருவார். மூடிக்குள் இரண்டு புஷ்ராடுகள். லாக் நட்டைத் தளர்த்தி, ஒரு கையால் அட்ஜஸ்டரைத் திருப்பிக்கொண்டே, மறு கையின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ராடை உருட்டுவார். ராடு மேலும் கீழும் ஆடக் கூடாது, ஆனால் தடங்கலில்லாமல் சுற்ற வேண்டும். ஃபீலர் கேஜுக்கு அங்கே வேலையே இல்லை. லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் கூடவே நகர்ந்துவிடும். பல மெக்கானிக்குகள் கோட்டைவிடும் இடம் இது. பாய் இறுக்கிய பிறகும் உருட்டுவார். இன்ஜினை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து மறுபடியும் உருட்டுவார். எக்ஸாஸ்ட் ராடை மட்டும் ஒரு மயிரிழை இளக்கமாக விடுவது அவர் வழக்கம். அது இறுகிப்போனால் வால்வு முழுசாக உட்காராது. கம்ப்ரஷன் கசியும், போகப் போக வால்வு கருகும். லூசாக இருந்தால் கடகடவென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். அதனால்தான், சத்தம் போடும் டேப்பட்டை விட்டுவிட்டு, சத்தமே போடாததைக் கவனியுங்கள் என்பார்.

டேப்பட் முடிந்த பிறகுதான் பாயின்ட். 0.35-க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவில் அதன் இடைவெளி. அப்புறம் ஸ்டார்ட் பண்ணும் அழகு: கிக்கரை மெல்ல அமுக்குவார், மைனஸ் பக்கம் சாய்ந்த ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும், டிகம்ப்ரஷரைப் பிடித்துக் கொஞ்சம் இறக்குவார், கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. அவர் இரண்டாவது மிதி மிதித்து நான் பார்த்ததில்லை.

ஆர்எக்ஸ் 100 நண்பர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். 98 சிசியில் 11 குதிரைத்திறன், உங்கள் வண்டிக்கு 346 சிசியில் 18-தானே என்பார்கள். கணக்கு சரிதான், அந்த வண்டியின் துள்ளலுக்கு நானும் ரசிகன்தான். ஆனால் 70 மில்லிமீட்டர் போரில் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் அடிக்கும் இன்ஜினை ஆக்சிலரேட்டர் திருகும் கையை வைத்து எடை போடக் கூடாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், பின்னால் ஆளும் மூட்டையும் இருக்க, அவசரமே இல்லாமல் அது ஏறுவதைப் பார்க்க வேண்டும்.

ஹைட்ராலிக் டேப்பட்டோடு புது யூசிஇ இன்ஜின் வந்ததும் தலைவலி தீர்ந்தது என்றார்கள். ஆயில் கசிவு நின்றது, வாஸ்தவம். கூடவே விரலில் அளவு பார்க்கும் படிப்பும் பட்டறையை விட்டுப் போனது. இன்றைக்கு வேலைக்குச் சேரும் பையன் பார்ட்டை மாற்றத்தான் கற்கிறான். கார்புரேட்டர் ஜெட்டில் தூசி என்றாலும் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள்.

குரூப் ரைடிலும் இதே கதைதான். முன்பு எங்கள் கூட்டத்தில் இருப்பதிலேயே வயசான வண்டி லீடருக்கு அடுத்தபடி போகும். அதன் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். நேர்சாலையில் இடம் வலமாக மாறி மாறிப் போவோம், மலை வளைவு வந்தால் ஒருவர் பின் ஒருவராக. கடைசியில் வருகிறவர் கிளட்ச் கேபிள், பிளக், டியூப், ஸ்பானர் எல்லாம் வைத்திருப்பார். முன்னால் போகிற வண்டியில் டேப்பட் சத்தம் கூடினால் பின்னால் வருகிறவர் கண்டுபிடித்துக் கையைத் தூக்குவார். இப்போது எல்லாரும் சைலன்சரைக் குடைந்துவிட்டு வருகிறார்கள். தன் வண்டிச் சத்தமே தனக்குக் கேட்காதவருக்கு அடுத்த வண்டியின் நோவு எங்கே கேட்கும்? வழியில் ஒரு வண்டி நின்றால், முன்னே போனவர்களுக்கு டீக்கடையில் தலை எண்ணும்போதுதான் தெரிகிறது.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டோடு கைகோத்த பிறகு திருவொற்றியூரில் உருவான வண்டி இது. இதன் வைத்தியம் தெரிந்த கைகள் இன்னும் நம் பக்கத்தில் இருக்கின்றன. காஸ்ட் அயர்ன் வைத்திருப்பவர்களே, அடுத்த ரைடுக்கு முந்தின ராத்திரியே வண்டியை நிறுத்தி ஆறவிடுங்கள். காலையில் உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோங்கள். விட்டுவிட்டு வராமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் முடித்ததும் அந்த ராடை உங்கள் விரலால் ஒருமுறை உருட்டிப் பாருங்கள்.