பெட்டிக்குள் வந்ததும் வராததும்

ஒரு தொலைக்காட்சித் தொடரின் சீசன் முழுவதையும் வரிசை குலையாமல் டிவிடிப் பெட்டியாக்கி விற்கும் வழக்கம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. ‘தி சிம்ப்சன்ஸ்’ என்னும் அமெரிக்க அனிமேஷன் தொடரின் பெட்டிகள் இனி வராது என்று அதன் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஆல் ஜீன் 2015 ஏப்ரலில் அறிவித்தார். ரசிகர்கள் விடவில்லை, 2017 டிசம்பரில் 18ஆவது சீசன் வந்தது. ஆனாலும் வியாபாரம் ஸ்ட்ரீமிங் பக்கம் போய்விட்டது. வழக்கம் ஒடுங்கிய பிறகாவது அதன் வரவையும் செலவையும் எழுதிப் பார்க்கலாம்.

முதலில் வரவு. 1989 டிசம்பரில் தொடங்கிய சிம்ப்சன்ஸின் முதல் சீசனில் 13 அத்தியாயங்கள். 2001 செப்டம்பரில் அவை டிவிடியாக வந்தபோது ஒவ்வொன்றுக்கும் ஆடியோ கமென்ட்ரி இருந்தது. தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங்கும் குழுவினரும் தங்கள் பழைய வேலையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், குறை சொல்கிறார்கள். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம். ஆனால் ஊடை இரண்டையும் கோத்துவிடுவதால் இழுத்தாலும் பிரியாது. நல்ல கமென்ட்ரியும் அப்படித்தான். படைப்பையும் அது உருவான விதத்தையும் ஒரே பார்வையில் கோத்துத் தருகிறது. அனிமேஷன் தொழிலைக் கற்க நினைப்பவருக்கு இதைவிட மலிவான பள்ளிக்கூடம் அமைவது அரிது.

பார்வையாளருக்கு ஒரு வாக்குரிமையும் கிடைத்தது. ‘ஃபேமிலி கை’ என்னும் இன்னொரு அனிமேஷன் தொடரை ஃபாக்ஸ் தொலைக்காட்சி 2002இல் நிறுத்தியது. அடுத்த ஆண்டு வந்த டிவிடிகள் விற்றுத் தீர்ந்த வேகமும் மறுஒளிபரப்புக்குக் கிடைத்த வரவேற்பும் 2005 மே மாதம் தொடரைத் திரும்பக் கொண்டுவந்தன. ரேட்டிங் எண்ணுக்குள் அகப்படாத ரசிகர் கூட்டம் கடையில் காசு கொடுத்துத் தன்னைக் காட்டிக்கொண்டது.

இவற்றைவிடப் பெரிய வரவு, மாற்ற முடியாத பிரதி. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் ஸ்ட்ரீமிங் சேவை தொடங்கியபோது, சிம்ப்சன்ஸின் சதுரத்தை ஒட்டிய பழைய சட்டகத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டினார்கள். தொடரில் வரும் டஃப் பீரின் மூன்று வகைகளுக்கும் ஒரே குழாயிலிருந்துதான் சரக்கு வருகிறது என்னும் நகைச்சுவையில் அந்தக் குழாயே காணாமல்போனது. பழைய சட்டகம் திரும்பியது 2020 மே மாதத்தில். மைக்கேல் ஜாக்சன் குரல் கொடுத்த 1991ஆம் ஆண்டு அத்தியாயத்தைத் தயாரிப்பாளர்கள் 2019இல் விலக்கிக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் சரியா தவறா என்று விவாதிக்கக்கூட அத்தியாயம் வேண்டும். 2003இல் மூன்றாம் சீசன் பெட்டியை வாங்கியவரிடம் அது இருக்கிறது.

இனி செலவு. 2007இல் ஒளிபரப்பி முடித்த சிம்ப்சன்ஸின் 18ஆவது சீசன் பெட்டியில் வர பத்து ஆண்டுகள் பிடித்தன. நேர்மாறாக, தொடரின் இருபதாண்டுக் கொண்டாட்டத்துக்காக 2010 ஜனவரியில் வரிசை தாண்டி அவசரமாக வந்த 20ஆவது சீசனில் கமென்ட்ரியே இல்லை. அமெரிக்கப் பிரதிக்கு மண்டலக் குறி 1, இந்தியாவுக்கு 5. கடல் தாண்டி வாங்கிவந்த வட்டு இங்குள்ள சாதாரண பிளேயரில் ஓடாது. காசு கொடுத்தவரைத் தடுத்த அந்தப் பூட்டு, திருட்டு விசிடிக்காரரை ஒன்றும் செய்யவில்லை.

நம் பக்கம் பார்த்தால் செலவு இன்னும் கூடுகிறது. 2004இல் தமிழக அரசு வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2007இல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது. சட்டமும் விலையும் கைகொடுத்தும் கடைகளை நிறைத்தது சினிமாதான். சின்னத்திரைக்கு, அதிலும் டப்பிங் கார்ட்டூனுக்கு, அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஹங்காமா சேனலில் தமிழ் பேசிய ஜப்பானியக் கார்ட்டூன் சிறுவன் ஷின்சானைக் காஞ்சிபுரத்துத் தறிவீட்டுப் பிள்ளைகளும் சென்னை அடுக்குமாடிப் பிள்ளைகளும் ஒரே வாயால் நடித்துக் காட்டியிருப்பார்கள். இந்திய ஒளிபரப்பில் அந்தத் தொடர் 2008இல் தடைபட்டு, 2009இல் வெட்டுகளோடு திரும்பியது. எது வெட்டுப்பட்டது, தமிழ் வசனத்தில் எது புதிதாகச் சேர்ந்தது என்று ஒப்பிட, முதல் அத்தியாயம் தொட்டு வரிசையாக, குரல் கொடுத்தவர்களின் பெயரோடு ஒரு தமிழ்ப் பெட்டி நம் கைக்கு வரவில்லை. யாரோ பதிவுசெய்து இணையத்தில் ஏற்றிய துண்டுகளை நம்பியிருக்கிறோம்.

ஆக, இந்த வழக்கத்தின் பலமும் பழுதும் ஒன்றிலிருந்தே பிறக்கின்றன. படைப்பைக் காப்பாற்றியது வியாபாரம். எதைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவுசெய்ததும் அதுவே. விற்காத மொழிக்கும் விற்காத தொடருக்கும் பெட்டி கிடையாது. ஸ்ட்ரீமிங் இந்தப் பழுதைத் தீர்க்கவில்லை, பலத்தை மட்டும் பறித்துக்கொண்டது.

வட்டையே மீட்டுக் கொண்டுவர வேண்டியதில்லை. அது செய்த வேலைக்கு ஒரு பொது இடம் வேண்டும். அச்சேறிய தமிழுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994 முதல் அந்த வேலையைச் செய்கிறது. ஒளிபரப்பான தமிழுக்கும், டப்பிங் உட்பட, வெட்டாத பிரதியும் கலைஞர் பெயர்ப்பட்டியலும் ஒரு பொதுக் காப்பகத்தில் சேரவேண்டும் என்பதை ஒளிபரப்பு உரிமத்தின் நிபந்தனையாக்கலாம். லாப நட்டம் பார்த்தே அடுத்த தலைமுறைக்கு எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் நிலை அப்போதுதான் மாறும்.