வாக்கியத்தைப் பதிப்பித்தல்: க்ரியாவின் நூல்வரிசையை முன்வைத்துச் சில குறிப்புகள்

பதிப்பகம் ஒன்றைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வது தமிழ் ஆய்வுலகில் அரிது. ஆசிரியரை ஆராய்கிறோம், நூலை ஆராய்கிறோம், இயக்கத்தையும் காலத்தையும் ஆராய்கிறோம். சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் போன்றோரைப் பற்றிப் பேசும்போது மட்டுமே பதிப்பு என்பது ஓர் அறிவுச் செயலாக மதிக்கப்படுகிறது. ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சேறிய பழநூல்களுக்குக் கிடைத்த இம்மதிப்பு, நம் காலத்து எழுத்தாளரின் கைப்படியிலிருந்து அச்சேறும் நூலுக்குக் கிடைப்பதில்லை. கைப்படிக்கும் புத்தகத்துக்கும் இடையில் நிகழ்வது வெறும் அச்சகத் தொழில் என்று கருதிவிடுகிறோம். இக்கருத்து பிழையானது என்பதற்குச் சென்னையின் க்ரியா பதிப்பகத்தைப் போல் வலுவான சான்று வேறில்லை.

க்ரியா 1974இல் எஸ். ராமகிருஷ்ணன் அவர்களால் தொடங்கப்பெற்றது. (அதே பெயருடைய நாவலாசிரியர் வேறு; நம் மாணவர் கட்டுரைகளில் இருவரும் ஒருவராகிவிடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம்.) மெய்யெழுத்தில் தொடங்கும் அதன் பெயர் தொல்காப்பிய மொழிமுதல் மரபுக்கு ஒவ்வாதது. நம் நாட்டு ஆசிரியர் சிலர் அதனைக் 'கிரியா' என்றே எழுதுவர். பெயரை அவ்வாறு திருத்துவது எளிது. அப்பதிப்பகம் தமிழ் உரைநடையில் காட்டிய கண்டிப்பை நாம் பின்பற்றுவதுதான் கடினம்.

அதன் நூல்வரிசையைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது வியப்பே. தொடக்கக் காலத்திலேயே ந. முத்துசாமியின் நாடகங்கள், 1981இல் சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்', பிரெஞ்சிலிருந்து நேரடியாகக் கொண்டுவரப்பட்ட காம்யுவின் 'அந்நியன்', ஜெர்மன் மூலத்திலிருந்து காஃப்காவின் 'விசாரணை', சி. மணியின் மொழிபெயர்ப்பில் 'தாவோ தே ஜிங்' ஆகியவை ஒரு புறம். கிராம மக்களுக்கான மருத்துவக் கையேடான 'டாக்டர் இல்லாத இடத்தில்', தற்காலத் தமிழ் அகராதி, தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் பற்றி ஐராவதம் மகாதேவன் ஆங்கிலத்தில் எழுதி ஹார்வர்டு பல்கலைக்கழகத்துடன் இணைந்து 2003இல் வெளியிடப்பட்ட பெருநூல், பறவைகளை அடையாளம் காண ஒரு கையேடு ஆகியவை மறுபுறம். இவற்றை ஒரே அலமாரியில் அடுக்கினால் ஒரு பொது நூலகத்தின் சிறு மூலை போல இருக்குமே தவிர, கொள்கையுடைய ஒரு பதிப்பகத்தின் பட்டியலாகத் தோன்றாது. நவீன இலக்கியத்தை நாடி வந்த பதிப்பாளர் பறவைக்கும் பேதி மருந்துக்கும் ஏன் போனார்? இவ்வினாவுக்கு அவருடைய பல்துறை ஆர்வம் என்று விடை கூறி நகர்ந்துவிடலாம். அவ்விடை போதாது என்பதே நம் கருத்து.

இந்நூல்கள் பொருளால் ஒன்றுபடவில்லை; கொள்கையாலும் ஒன்றுபடவில்லை. இவை ஒன்றுபடுமிடம் வாக்கியம். இன்றைய தமிழ் வாக்கியத்தால் எதனையெல்லாம் சொல்ல முடியும் என்னும் ஒரே சோதனையைக் க்ரியா வெவ்வேறு களங்களில் நடத்தியது எனலாம்.

'அந்நியன்' நாவலை எடுத்துக்கொள்வோம். 1980இல் வெ. ஸ்ரீராம் இதனைத் தமிழாக்கினார். காம்யுவின் மூலத்தில் வாக்கியங்கள் குறுகியவை. ஒன்றோடொன்று காரணகாரியத் தொடர்பின்றித் தனித்தனியே நிற்பவை. சார்த்தர் அவற்றைத் தீவுகளுக்கு ஒப்பிட்டார். தமிழின் இயல்போ இதற்கு நேர்மாறானது. எழுந்து, குளித்து, உண்டு, புறப்பட்டுச் சென்றேன் என்று வினையெச்சங்களால் செயல்களைக் கோத்துச் செல்வதே நம் கதைகூறலின் மரபு. அக்கோவையில் ஒரு செயல் அடுத்த செயலுக்கு இயல்பாகவே காரணமாகிவிடுகிறது. மெர்சோ என்னும் பாத்திரத்துக்கு இல்லாதது அந்தக் காரணத் தொடர்புதான். ஆதலால் 'அந்நியன்' தமிழில் பிழைக்க வேண்டுமானால் வினையெச்சத்தின் ஈர்ப்பை ஒவ்வொரு வரியிலும் தடுத்தாக வேண்டும். முற்றுவினையில் நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். இது சொல்லுக்குச் சொல் தேடும் மொழிபெயர்ப்பாளரின் வேலை மட்டுமன்று. அருகில் அமர்ந்து வரிவரியாகக் கேட்கும் பதிப்பாசிரியர் ஒருவர் இல்லாமல் இது நிகழ்வது அரிது. மறு ஆண்டு ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் இணைந்து தமிழாக்கிய 'குட்டி இளவரசன்' முற்றிலும் வேறான தொனியைக் கோரியது. குழந்தையிடம் பேசுவது போன்ற எளிமை வேண்டும். அதேவேளை குழந்தைத்தனம் வந்துவிடக் கூடாது. இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, பிரெஞ்சு இலக்கியம் தமிழுக்கு வந்தது என்பதைவிடத் தமிழ் உரைநடைக்குப் புதிய இரு குரல்கள் கிடைத்தன என்பதே முதன்மையாகத் தோன்றும்.

'ஜே.ஜே: சில குறிப்புகள்' புனைவுக்கும் அபுனைவுக்கும் இடையிலான வேலியையே கேலி செய்யும் நாவல். இல்லாத ஒரு மலையாள எழுத்தாளனின் வாழ்க்கையைக் குறிப்புகளாகத் தொகுப்பது போன்ற பாவனையில் அது எழுதப்பட்டுள்ளது. கட்டுரையின் மொழி நாவலுக்குள் நுழைந்தபோது வாசகர்கள் திகைத்ததில் வியப்பில்லை. இந்நாவலைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டதால் இங்கு விரிக்க வேண்டியதில்லை.

அதிகம் பேசப்படாதது மருத்துவக் கையேடு. டேவிட் வெர்னர் மெக்சிகோ மலைக்கிராம மக்களுக்காக முதலில் ஸ்பானிய மொழியில் எழுதிய நூல் அது. பின்னர் உலகின் பல மொழிகளுக்குச் சென்றது. அதன் தமிழ்த் தலைப்பை நோக்குக: 'டாக்டர் இல்லாத இடத்தில்'. 'மருத்துவர்' என்று ஏன் எழுதவில்லை எனத் தனித்தமிழ்ப் பற்றுடைய நம் வாசகர் கேட்கக்கூடும். நாமும் ஒரு காலத்தில் கேட்டோம். சிற்றூரில் மருத்துவம் பார்ப்பவர் இருக்கிறார், மருத்துவச்சி இருக்கிறார், நாட்டு வைத்தியர் இருக்கிறார். இல்லாதவர் டாக்டர் மட்டுமே. 'மருத்துவர் இல்லாத இடத்தில்' என்று எழுதியிருந்தால் தலைப்பே பொய்யுரைத்திருக்கும். தூய்மையைவிடத் துல்லியத்தை மேலாகக் கொள்ளும் இம்முடிவில் ஒரு பதிப்பகத்தின் மொழிக்கொள்கை முழுவதும் அடங்கியிருப்பதாகக் கருதுகிறோம். நாவலில் ஒரு வாக்கியம் மயங்கினால் வாசகர் மீண்டும் படிப்பார். கைக்குழந்தைக்கு எவ்வளவு மருந்து கொடுக்க வேண்டும் என்னும் வாக்கியம் மயங்கினால் உயிர் போகும். இத்தகைய நூலில் உழைத்த கைக்கு நாவலின் வாக்கியத்தையும் அதே கண்டிப்போடு நோக்கும் பழக்கம் வந்துவிடுகிறது.

க்ரியாவின்மேல் சாற்றப்படும் குற்றச்சாட்டு ஒன்றுண்டு. பதிப்பாசிரியரின் கை ஓங்கிவிட்டால் எல்லா எழுத்தாளரும் ஒரே நடையில் எழுதத் தொடங்குவர். வட்டாரத்தின் மணமும் ஆளின் குரலும் சலவையில் போய்விடும் என்பர். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. எழுத்துமுறையிலும் சொற்பிரிப்பிலும் ஒரே ஒழுங்கை வலியுறுத்தும் பதிப்பகத்துக்கு இவ்வாபத்து உண்டுதான். ஆனால் இக்குற்றச்சாட்டைச் சோதிக்கத்தக்க நூலும் க்ரியாவிலேயே இருக்கிறது. 1994இல் வெளிவந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஆரோக்கியத்தின் கதை. ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் ஒடுக்கப்பட்டோர் உண்டு என்று காட்டியதால் அது தலித் விமர்சகர் சிலரின் கடும் எதிர்ப்பையும் சந்தித்தது. ஆரோக்கியத்தின் பேச்சும் புலம்பலும் வட்டார வழக்கிலேயே நிற்கின்றன. நீண்ட இடங்களிலும் அவள் குரல் தளரவில்லை. முதல் நாவல் எழுதிய இளைஞரின் கைப்படியில் பதிப்பாசிரியர் எவ்வளவு உழைத்தார் என்பதை இமையமே பல இடங்களில் வெளிப்படையாகக் கூறியுள்ளார். அவ்வுழைப்பு ஆரோக்கியத்தைப் படித்தவளாக்கிவிடவில்லை. அதே ஆசிரியர் அதே பதிப்பகத்தில் வெளியிட்ட 'செல்லாத பணம்' 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. செம்மையாக்கம் குரலை அழிக்கும் என்ற வாதம், செம்மையாக்கத்தையே அறியாத சூழலில் எழுகின்ற வாதமோ என்று ஐயுறுகிறோம்.

இனி அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதற்குச் சான்று தந்தவை பெரும்பாலும் இலக்கிய நூல்கள். 1992இல் பா.ரா. சுப்பிரமணியனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு க்ரியா வெளியிட்ட தற்காலத் தமிழ் அகராதி, சமகால எழுத்திலிருந்து திரட்டிய தரவைக் கொண்டு, பொருள் விளக்கத்தோடு எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் ஆங்கில விளக்கத்தையும் தந்தது. ஒரு பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய பணியை ஒரு சிறு பதிப்பகம் தன் தோளில் சுமந்தது. வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த ஆண்டுகளில் நம் மேசையில் எப்போதும் திறந்து கிடந்தது அந்நூல்தான். 'விடு', 'போடு', 'கொள்' முதலிய துணைவினைகளின் நுண்பொருளைத் தமிழறியாத நெறியாளருக்கு விளக்க வேண்டிய போதெல்லாம் இலக்கண நூல்கள் கைவிட்டன; அவ்வகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் கைகொடுத்தன. 2008இல் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு வந்தது. மூன்றாம் பதிப்பு வெளிவந்த அதே 2020 நவம்பரில் ராமகிருஷ்ணன் கோவிட் நோயால் மறைந்தார்.

இரண்டாம் பதிப்பில் எம்.ஏ. நுஃமானின் துணையோடு இலங்கைத் தமிழ்ச் சொற்கள் சேர்க்கப்பட்டு, இலங்கை வழக்கு என்னும் குறியும் பெற்றன. தமிழ் என்பது தமிழ்நாட்டோடு முடிந்துவிடுவதில்லை என்று அகராதியியல் ஒப்புக்கொண்ட அந்நிகழ்வு பாராட்டத்தக்கது. ஆனால் மலேசிய, சிங்கப்பூர் வழக்குக்கு அத்தகைய குறி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் தோட்டப்புறச் சிறுகதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, நகரத்தில் பிறந்து வளர்ந்த மாணவி ஒருவர் 'பெரட்டு' என்றால் என்ன என்று கேட்டார். அகராதியைப் பார்க்கச் சொன்னோம். பார்த்துவிட்டு நிமிர்ந்து, "இல்லையே, ஐயா" என்றார். விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் எடுக்கும் அச்சொல்லை அறியாத தோட்டத் தமிழர் ஒரு தலைமுறைக்கு முன் இருந்ததில்லை. ஆயாக்கொட்டகை, பால்மரம், காலை உணவைக் குறிக்கும் பசியாறல் என்று அன்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் மக்கள் வெளியேறிய பின் அச்சொற்களைப் பேச இடமில்லாமல் போயிற்று.

இக்குறைக்குக் க்ரியாவை மட்டும் பொறுப்பாக்குவது நேர்மையாகாது. க்ரியாவுக்கு முன்பே, லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய வாசகர் வட்டம் 1968இல் 'அக்கரை இலக்கியம்' என்னும் தொகுப்பில் இலங்கை, மலேசிய, சிங்கப்பூர் எழுத்துக்கு இடமளித்தது. கடலுக்கு அப்பால் கதவு திறந்தவர்கள் அங்கு இருந்திருக்கிறார்கள். கதவு வழியே அனுப்புவதற்கு நாம் எதனை ஆயத்தமாக வைத்திருந்தோம் என்பதே வினா. இலங்கை வழக்கு அகராதியில் ஏறியதென்றால், அங்கே அதனைத் தொகுத்துப் பொருள் கூறிச் சரிபார்த்துத் தர ஒரு மொழியியலறிஞர் இருந்தார். நம் பல்கலைக்கழகத் துறைகளிலிருந்து அத்தகைய தொகுப்பு எதுவும் சென்னைக்குப் போகவில்லை. போகாத குறையில் நமக்கும் பங்குண்டு.

இந்நாட்டில் தமிழ் நூல் வெளிவரும் முறையை வாசகர் அறிவர். எழுத்தாளரே பணம் போடுகிறார். அச்சகம் தட்டச்சு செய்து தருகிறது. மண்டபத்தில் மாலையும் பொன்னாடையும் சூட்டி, முதல் நூலைப் பெரும்பொருள் கொடுத்துப் பெறும் வள்ளலால் அச்சுக்கூலி ஈடுசெய்யப்படுகிறது. இதனை இழிவாகக் கூறவில்லை. இம்முறை இல்லாவிடில் நம் இலக்கியத்தில் பெரும்பகுதி அச்சேறியிருக்காது. ஆயினும் இவ்வேற்பாட்டில் எங்குமே இல்லாதவர் ஒருவர் உண்டு: எழுத்தாளரல்லாமல் அந்நூலை வரிவரியாகப் படித்து, "இவ்வாக்கியம் என்ன சொல்கிறது?" என்று கேட்பவர். நம் முதல் கட்டுரைத் தொகுதியும் அவ்வாறே வந்தது. அதன் நாற்பதாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் பின்பாதி அடுத்த பத்தியில் கிடக்கிறது. அது வெளிவந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாணவர் காட்டியே நாம் அறிந்தோம். வெளியீட்டு விழாவில் அந்நூலைப் புகழ்ந்து பேசியவர் அறுவர்.

க்ரியா ஆண்டுக்குச் சில நூல்களையே வெளியிட்டது. ஒரு கைப்படி ஆண்டுக்கணக்கில் மேசையில் கிடப்பதை எழுத்தாளர் பலர் பொறுத்துக்கொள்ள மாட்டார். நூலின் விலையும் எளிய வாசகருக்குச் சற்று எட்டாததாகவே இருந்திருக்கிறது. நம் ரிங்கிட்டில் கணக்கிட்டால் மேலும் கூடுதல். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும், மகாதேவனின் கல்வெட்டு நூலைப் புரட்டும்போது ஒன்று தோன்றுகிறது. அழகர்மலைக் குகையில் தம் கொடையைப் பொறித்துவைத்தவருள் உப்பு வணிகன் உண்டு; கொழு வணிகன் உண்டு. தமிழில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வாக்கியங்களுள் சில, தொழில் செய்து பிழைத்த எளிய மாந்தருடையவை. ஒன்றிரண்டு சொற்களில் தம் பெயரையும் தொழிலையும் சொல்லிவிட்டுப் போனவர்களுடையவை. பெரட்டுக்கு நின்றவர்களின் சொற்களை எழுதிவைக்கும் குறிப்பேடு ஒன்றை அம்மாணவியும் வேறு மூவரும் தொடங்கியுள்ளனர். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம். அவ்வாக்கியத்தை முன்னாள் தோட்டத் தொழிலாளர் ஒருவரிடம் படித்துக்காட்டி, அவர் அப்படித்தான் பேசுவாரா என்று கேட்ட பின்னரே அதில் ஏற்றுவது என்பது அவர்களே வகுத்துக்கொண்ட விதி. சென்ற வாரம் 'தண்டல்' என்னும் சொல்லுக்கு எழுதிய வாக்கியத்தை மூன்றாம் முறையாக அடித்துவிட்டு மீண்டும் எழுதிக்கொண்டிருந்தனர்.