ஆட்ரி லார்டின் ‘புற்றுநோய் நாட்குறிப்புகள்’: இழப்பும் வலிமையும்

நோயுற்றோர் தம் நோயைக் குறித்து எழுதிய நூல்களை ‘நோயை வென்ற வரலாறு’ எனப் பாராட்டுதல் திறனாய்வாளரிடையே காணப்படும் வழக்கமாகும். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கவிஞர் ஆட்ரி லார்ட் (1934–1992) எழுதி 1980இல் வெளிவந்த ‘புற்றுநோய் நாட்குறிப்புகள்’ என்னும் உரைநடை நூலுக்கு அப்பாராட்டுப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முன்னுரையை அடுத்து நிற்பது, 1977 டிசம்பரில் அவர் ஆற்றிய சொற்பொழிவாகும். மார்பில் தோன்றிய கட்டி தீங்கற்றது எனத் தெளிவதற்கு முன் மூன்று வாரம் உற்ற அச்சமே அதன் பிறப்பிடம். அச்சத்தை அடக்கி வாளா இருத்தலினும் அதனைப் பேசுதலே நன்று என்பது அதன் கருத்து. 1978இல் புற்றுநோய் உண்மையாகவே வந்தது. ஒரு மார்பு அகற்றப்பட்டது. முன்னர்க் கூறிய சொல்லைப் பின்னர் வந்த துன்பம் உரைத்துப் பார்ப்பதாக நூல் அமைந்திருத்தல் கருதத்தக்கது.

இழந்த மார்புக்கு ஈடாகச் செயற்கை மார்பு அணியுமாறு பிறர் வற்புறுத்தினர்; லார்ட் மறுத்தார். இழப்பை மறைத்தால் அதற்காக வருந்தவும் இயலாது. இழந்த மகளிர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவும் இயலாது என்பது அவர் கொள்கை.

இக்கொள்கை நூலின் நடையிலும் விளங்குகிறது. உறுதி மிக்க கட்டுரைப் பகுதிகளின் இடையிடையே நாளிட்ட குறிப்புகள் வருகின்றன. அவற்றுள் சோர்வும் சினமும் சாவச்சமும் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன. இவை கட்டுரையின் உறுதியைக் குலைக்கின்றன எனச் சிலர் கூறலாம். அது பொருந்தாது. உடலின் இழப்பை மறைக்க மறுத்தவர், உள்ளத்தின் தளர்ச்சியையும் சொல்லால் மறைக்க மறுத்தார் என்பதே நம் துணிபு. சூசன் சாண்டாக் தாமும் புற்றுநோயுற்றவரே. எனினும் 1978இல் வெளியிட்ட ‘நோய் என்னும் உருவகம்’ என்னும் நூலில் தம் நோயைக் குறிப்பிடவில்லை. அவர் வாதத்தால் நிறுவினார். லார்டோ தம் உடலையே சான்றாக வைத்தார்.

1984இல் லார்டின் கல்லீரலில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 1992இல் அவர் மறைந்தார். இந்நூலை வெற்றி வரலாறு எனக் கொண்டால், அம்மறைவு நூலையே பொய்யாக்கிவிடும். ஆனால் நூல் யாண்டும் வெற்றியை உறுதி கூறவில்லை. தளர்ந்த நாளைத் தளர்ந்த நாள் என்றே எழுதிவைத்தலை அது வலிமை எனக் காட்டுகிறது. அவ்வலிமை நோய் நீங்குவதைச் சார்ந்து நிற்பதன்று. ஆதலின் மறைவுக்குப் பின்னும் நூலின் மெய்ம்மை குன்றவில்லை.